முற்றத்து இசையும் இளைய விருந்தினரும்

இசைக்கலைஞர் இருவர் சேர்ந்து வாசிப்பது வேறு. நண்பராகி வாசிப்பது வேறு. இவ்வேறுபாட்டைச் செவியால் உணர விரும்புவோர்க்கு, 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'கேபி பஹினுயி ஹவாயன் பேண்ட்' இசைத்தட்டின் முதல் தொகுதியை நாம் பரிந்துரைப்போம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளில் 1921இல் பிறந்தவர் கேபி பஹினுயி. பெரும் பாடகர் எனப் பெயர் பெற்ற பின்னும், ஹொனலூலு நகரின் சாலைகளைச் செப்பனிடும் தொழிலாளராய் உழைத்தவர். அவர் வாசித்தது 'கீ ஹோஅலு' எனப்படும் கிதார் முறை. நரம்புகள் சிலவற்றைத் தளர்த்திச் சுருதி கூட்டுவர். கட்டைவிரல் ஆதார ஒலியை எழுப்ப, ஏனைய விரல்கள் மெட்டை இசைக்கும். 19ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோவிலிருந்து வந்த மாடு மேய்ப்போர் கொணர்ந்த கிதாரை அத்தீவு மக்கள் தமதாக்கிக்கொண்ட விதம் இது.

இச்சுருதிகளைப் பல குடும்பங்கள் புறத்தார்க்குச் சொல்லாமல் காத்து வந்தன. காவல் மிகுந்ததால் கலை சுருங்கியது. விடுதிகளில் பயணிகளுக்காக ஒலித்த மெல்லிசையையே உலகம் ஹவாயின் இசையென நம்பியது. 1940களில் கேபி பதிவு செய்த பாடல்கள் இந்நிலையை மாற்றத் தொடங்கின. வைமனாலோ ஊரிலிருந்த அவரது இல்லம், உறவினரும் நண்பரும் கூடி இசைக்கும் இடமாயிற்று.

கடலையே வாழ்வாகக் கொண்டவர்களும் இவ்விசையைப் போற்றினர். அவர்களுள் ஒருவர் 1946இல் பிறந்த அலைச்சறுக்கு வீரர் எடி ஐகாவ். வைமேயா வளைகுடாவில் உயிர்காப்பாளராய்ப் பணிபுரிந்த அவர், தளர்த்திய நரம்புகளில் கிதார் வாசிப்பதில் பெருவிருப்பம் உடையவர். 1978 மார்ச்சில் 'ஹோக்கூலேயா' என்னும் பாய்மரக் கலத்தில் புறப்படுமுன், தாமே இயற்றிய பாடலைப் பாடினார். அன்றிரவு கலம் கவிழ்ந்தது. மறுநாள் தோழர்க்கு உதவி தேடிச் சறுக்குப் பலகையில் கரைநோக்கிச் சென்றவர் மீளவில்லை, தோழர்கள் காப்பாற்றப்பட்டனர்.

ஐகாவுக்கு இவ்விசை பிறந்த மண் தந்த உரிமை. அவரினும் ஓராண்டு இளையவரான ரை கூடருக்கோ அது நட்பால் கிடைத்த கொடை. கலிபோர்னியாவில் பிறந்த கூடர், கேபியின் இசைத்தட்டுகளைக் கேட்டு வியந்து, அவரைத் தேடிச் சென்றவர்.

பெயர் பெற்ற வெளியார் ஒருவர் வந்து சேர்ந்தால், மண்ணின் இசை அவருக்கு அணிகலனாகிவிடுமோ என அஞ்சுவோர் உண்டு. நியாயமான அச்சமே. ஆயினும் 1975ஆம் ஆண்டின் இசைத்தட்டு அவ்வச்சத்தை நீக்குகிறது. கேபியின் புதல்வர் நால்வரும், ஆட்டா ஐசக்ஸ், சன்னி சில்லிங்வொர்த் ஆகிய மூத்த கலைஞர்களும் சூழ்ந்திருக்க, கிதாரில் வல்லவரான கூடர் இங்கே மாண்டலின் போன்ற சிறு கருவிகளை ஏந்துகிறார். முன்னே வரத் துடிக்கும் திறமை எங்கும் தென்படவில்லை. பெரியவரின் குரல் எழும்போது இளையவர் ஒதுங்கி நிற்கிறார். குரல் ஓயும்போது இரண்டொரு துளி ஒலியைச் சேர்க்கிறார். அவர் வாசியாமல் விட்ட இடங்களிலேதான் அவரது அன்பு மிகுதியாய்க் கேட்கிறது.

1976இல் கூடர் வெளியிட்ட 'சிக்கன் ஸ்கின் மியூசிக்' இதற்கு மறுபக்கம். அதில் கேபி ஸ்டீல் கிதார் வாசிக்கிறார். இனிய படைப்பே, ஆனால் டெக்சாஸ் எல்லைப்புறத்து அக்கார்டியனும் தீவின் கிதாரும் ஒரே தட்டில் பரிமாறப்படுகையில், மூத்தவர் பல சுவைகளுள் ஒரு சுவையாகிறார். முந்தியதில் இளையவர் பெரியவரின் வீட்டிற்கு விருந்தினர். பிந்தியதில் பெரியவர் இளையவரின் வீட்டிற்கு விருந்தினர். நட்பு இரண்டிலும் உண்டு. எனினும் முதலதையே நாம் உயர்ந்ததெனக் கொள்வோம். இசை பிறந்த முற்றம் அதில் கலையாமல் இருக்கிறது.

கேபி 1980இல் மறைந்தார். மறைத்துக் காத்திருந்தால் அவரோடு அடங்கியிருக்கக்கூடிய இசை, கதவைத் திறந்து வைத்ததால் நிலைத்தது. திறந்த கதவின் வழியே வருவோர்க்கும் ஒரு கடமை உண்டு: கேட்டுக் கற்ற பின்னரே வாசிக்க வேண்டும். மூத்தோர் பாடும் இல்லங்களில் வாழும் இளையோர் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.