பழைய கணினியில் புதுத் தபால்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையொன்றின் கணக்கு மேஜையில், களிமண் தூசி படிந்த கணினியில், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியின்மேல், 1988-இல் ஸ்டீவ் டார்னர் உருவாக்கிய யூடோரா என்னும் மின்னஞ்சல் நிரலின் பிற்காலப் பதிப்பொன்று இன்றும் தபால் வாங்கித் தரும் விந்தையை ரசிக்காதிருக்க இயலவில்லை. இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் டி.எல்.எஸ். என்னும் குறியாக்க முறையின் 1.2-ஆம் பதிப்புக்குக் கீழ்ப்பட்ட பூட்டை ஏற்பதில்லை. யூடோராவோ அந்த நூதன பாஷையை அறியாது. ஆகவே ஸ்டன்னல் என்னும் சிறு நிரலைத் துபாஷியாக இடையில் அமர்த்தி, சர்வரின் பெயரிருந்த கட்டத்தில் 127.0.0.1 என்று எழுதிவிட்டால், யூடோரா தன் கணினிக்குள்ளேயே 110-ஆம் போர்ட்டில் சாவதானமாகப் பேச, ரகசியக் குறியீட்டுப் பிரயாசையனைத்தும் ஸ்டன்னலைச் சேர்கிறது. எக்ஸ்பியில் ஓடும் பழைய ஸ்டன்னல் பதிப்பைத் தேடுவதுதான் சிரமம். எக்ஸ்பி கைவிடப்பட்டதாகையால், அந்தக் கணினியில் வேறு இணைய சஞ்சாரம் கூடாது என்பது என் அபிப்பிராயம்.