மண்டியிட்டுக் காத்திருந்தவர்கள்

ரோமானியக் காலாட்படைப் பிரிவான லீஜியனைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் மூன்றைச் சொல்வார்கள்: நல்ல வாள், உடம்பை மறைக்கும் கேடயம், கடுமையான ஒழுங்கு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் கி.மு. 216இல் கன்னேச் சமவெளியில், கார்த்தேஜ் தளபதி ஹானிபலின், எண்ணிக்கையில் தங்களைவிடச் சிறிய படையிடம் ரோமானியர்கள் அழிந்துபோனார்கள். தப்பி வந்தவர்களைப் பார்க்கவே வெட்கப்பட்ட செனட், அவர்களைச் சிசிலியில் கொண்டுபோய்ப் போட்டது. கி.மு. 202இல் ஆப்பிரிக்காவின் ஸாமாவில் ரோமானியத் தளபதி ஸ்கிபியோ ஹானிபலை வென்றபோது, அவர் படையில் அந்தக் கன்னே ஆட்களும் இருந்தார்கள். ஆயுதம் அதேதான், ஆட்களிலும் ஒரு பகுதி அதேதான். படை நின்ற விதம் மாறியிருந்தது.

லீஜியனின் பலம் முன்வரிசையில் வாள் வீசியவர்களிடம் இருந்ததைவிட, இன்னும் சண்டைக்குள் போகாமல் பின்னால் நின்றவர்களிடம் இருந்தது என்பது என் வாதம். அவர்களை எப்போது, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுத்த நடுத்தர அதிகாரிகளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். லீஜியனின் பெரிய தோல்விகளுக்கான வேரும் இங்கேயேதான் இருக்கிறது.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் பிணைக்கைதியாக வாழ்ந்த கிரேக்கர் பாலிபியஸ் தரும் கணக்கு இது: ஒரு லீஜியனில் 4,200 காலாட்கள். அவர்களில் 1,200 பேர் முன்னே ஓடி எறிவேல் வீசும் இளைஞர்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று வரிசைகள்: ஹஸ்தாதி 1,200, பிரின்சிபெஸ் 1,200, திரியாரி 600. வயதும் அனுபவமும் கூடக் கூட ஒருவன் பின்வரிசைக்குப் போவான். தேர்ந்தவர்களை முன்னால் நிறுத்தி முதல் மோதலிலேயே கணக்கை முடிக்கத்தான் பெரும்பாலான படைகள் பார்க்கும். ரோமோ தன் மூத்த வீரர்களைக் கடைசியில், ஈட்டியோடு, ஒரு காலை மடக்கி உட்கார வைத்தது. நிலைமை திரியாரி வரைக்கும் வந்துவிட்டது என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று பொருள். ரோமில் அது பழமொழியாகவே வழங்கியது.

ஒவ்வொரு வரிசையும் மானிப்பிள் என்ற பத்துச் சிறு பிரிவுகளாகப் பிரிந்து, நடுவே இடைவெளி விட்டு நிற்கும். முன்வரிசையின் இடைவெளிக்கு நேர் பின்னே அடுத்த வரிசையின் மானிப்பிள் நிற்கும். பாடநூல்களில் சதுரங்கக் கட்டம்போல வரையப்படும் இந்தப் படத்தின் மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. இடைவெளியோடு நிற்பவர்கள்மீது எதிரி மோதினால், அந்தச் சந்துகளில் அவன் நுழைய மாட்டானா? மோதலுக்கு முன் ஒவ்வொரு மானிப்பிளின் பின்பாதி ஆட்களும் முன்னேறிச் சந்துகளை அடைத்துவிடுவார்கள் என்பது சில வரலாற்றாசிரியர்களின் விடை. பழங்காலப் போர் இடைவிடாத நெருக்கடி அல்ல, சில நிமிடம் மோதி, விலகி, மூச்சு வாங்கி, வேல் எறிந்து, மறுபடி மோதும் அலைகள் அது என்பது வேறு சிலரின் விடை. இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. கனமான கேடயத்தோடு மணிக்கணக்காக யாராலும் வாள் வீச முடியாது. ஆனால் அந்தப் போர்கள் மணிக்கணக்காக நடந்தன. சப்பரம் தூக்குபவர்கள் ஊர்வலத்தை நிறுத்தாமல் தோள் மாற்றிக்கொள்வதுபோல, களைத்த வரிசை விலகிப் புதிய வரிசை உள்ளே வர அந்தச் சந்துகள்தான் வழிவிட்டன.

இந்த அமைப்பு முழுப் பலன் தந்த களம் கி.மு. 197இல் தெசலியின் கைனோஸ்கெஃபலே குன்றுகள். மாசிடோனியாவின் ஐந்தாம் பிலிப்பின் ஃபாலங்ஸ் என்ற நெருக்கமான காலாள் அணி நீண்ட சரிசா ஈட்டிகளோடு சரிவில் இறங்கி ரோமின் இடது அணியைத் தள்ளிக்கொண்டே போனது. நேருக்கு நேர் அதைத் தடுக்க ரோமிடம் எதுவும் இல்லை. பாலிபியஸும் இதை ஒப்புக்கொள்கிறார். தளபதி ஃபிளமினினஸ் இடது பக்கத்தை விட்டுவிட்டு, வலது அணியை நடத்திக்கொண்டு, இன்னும் அணிவகுத்து முடிக்காத எதிரியின் மறு பாதியை உடைத்தார். திருப்பம் அதற்குப் பிறகுதான். வலது அணியிலிருந்த ஒரு டிரிபியூன் இருபது மானிப்பிள்களைப் பிரித்துக்கொண்டு, வென்றுகொண்டிருந்த மாசிடோனியர்களின் முதுகில் பாய்ந்தான். சரிசா பிடித்தவன் சட்டென்று திரும்ப முடியாது. போர் அங்கேயே முடிந்தது. அந்த டிரிபியூனின் பெயரைப் பாலிபியஸ் சொல்லவில்லை. அதைக் குறையாக நினைக்கத் தோன்றவில்லை: பெயர் தெரியாத ஓர் இரண்டாம் நிலை அதிகாரி தானாகவே இருபது பிரிவுகளைக் கழற்றி எடுக்க முடிந்தது என்றால், அந்த அமைப்பே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

கன்னேயில் கைவிடப்பட்டது இந்த அமைப்புதான். எட்டு லீஜியன்கள், நேச நாட்டுப் படைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 80,000 காலாட்கள், ஹானிபலிடம் 40,000. கான்சல் வாரோ மானிப்பிள்களை வழக்கத்தைவிட நெருக்கி, அகலத்தைவிட ஆழம் பல மடங்கு இருக்கும்படி நிறுத்தினார். அவரை முட்டாள் என்று ஒதுக்குவது எளிது, நியாயமல்ல. இரண்டு ஆண்டுக்கு முன் திரேபியாவில் ரோம் தோற்றபோதும், 10,000 ரோமானியக் காலாட்கள் எதிரியின் நடுப்பகுதியைப் பிளந்து வெளியேறியிருந்தார்கள். கன்னேயிலும் நடுப்பகுதி அவர் நினைத்தபடியே பின்வாங்கியது. ஆனால் உள்ளே போகப் போகச் சந்துகள் மூடிக்கொண்டன, வரிசைகள் ஒன்றாகக் குழைந்தன. இரு விலாவிலும் லிபியக் காலாட்களும் முதுகில் குதிரைப்படையும் வந்து அடைத்தபோது, திருப்பிவிடத் தனியாக ஒரு மானிப்பிள்கூட மிச்சமில்லை. பின்வரிசை இருந்தது, ஆனால் பின்வரிசையாக இல்லை.

ஸாமாவில் ஸ்கிபியோ மானிப்பிள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, நேரான சந்துகளை விட்டு, யானைகளை அவற்றின் வழியே ஓடவிட்டார் என்பது பலரும் அறிந்த கதை. என்னைக் கவர்வது எதிர்ப்பக்கம். தன்னுடைய இத்தாலியப் பழம்படையை மூன்றாம் வரிசையில், தள்ளி, காத்திருக்க வைத்தார் ஹானிபல். எதிரி நகலெடுப்பதைவிடப் பெரிய சான்றிதழ் எது? ஆனாலும் இந்த வெற்றியை லீஜியனின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. காலாட்கள் சமநிலையில் மோதிக்கொண்டிருந்தபோது ஹானிபலின் பின்புறம் வந்து விழுந்தது குதிரைப்படை. அதில் பெரும்பங்கு நுமிடிய மன்னர் மசினிசாவுடையது. குதிரையை இரவல் வாங்கும் பழக்கத்தை ரோம் கடைசிவரை விடவில்லை.

சீசர் காலத்தில் மானிப்பிளின் இடத்தை அதைவிடப் பெரிய பிரிவான கோஹார்ட் பிடித்தது. லீஜியனுக்குப் பத்துக் கோஹார்ட்கள், ஏட்டளவில் 80 பேருக்கு ஒரு நூற்றுவர் தலைவன். அசட்டுத் துணிச்சல்காரன் வேண்டாம், நிதானமாக நின்று சாகக்கூடியவன் வேண்டும் என்பதே இந்தப் பதவிக்கான தகுதி என்று பாலிபியஸ் முன்பே எழுதியிருந்தார். அதற்கு ரோம் கொடுத்த விலை சீசரின் குறிப்புகளிலேயே கிடக்கிறது. கி.மு. 52இல் கெர்கோவியாத் தோல்வியில் இழப்பு ஏறக்குறைய 700 பேர், நூற்றுவர் தலைவர்கள் 46 பேர். கி.மு. 48இல் ஃபார்சலஸ் வெற்றியில்கூட 200 வீரர்களுக்கு 30 தலைவர்கள். சாதாரண வீரனைவிடப் பல மடங்கு வேகத்தில் அவர்கள் செத்தார்கள். நடுவில் இருப்பவனின் முடிவை நம்பி நிற்கும் படை, தன் மூளையையே முதலில் செலவழித்தது. இவர்கள் இப்படி நின்று செத்ததைத் தண்டனையால் வந்த ஒழுங்கு என்று விளக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்தில் ஒருவனைக் கொல்லும் தண்டனையைக் கி.மு. 71இல் தளபதி கிராசஸ் தூசி தட்டி எடுத்தது செய்தியானதே, அது வழக்கொழிந்து கிடந்ததால்தான்.

அந்தக் கிராசஸின் மகன் பப்ளியஸிடம் லீஜியனின் இரண்டு முகங்களையும் பார்க்கலாம். கி.மு. 58இல் ஜெர்மானியத் தலைவன் அரியோவிஸ்டஸோடு நடந்த போரில் ரோமின் இடது அணி சரிந்தது. குதிரைப்படைத் தலைவனாக, வரிசைக்கு வெளியே இருந்த இளைஞன் பப்ளியஸ் அதைப் பார்த்து, மூன்றாம் வரிசையை அங்கே அனுப்பினான். போர் திரும்பியது. ஐந்து ஆண்டு கழித்துக் கார்ஹேயில் தந்தையோடு, குதிரைமேல் போரிடும் பார்த்தியர்களை எதிர்கொண்டபோதும் அதே துடிப்புதான்: 1,300 குதிரைகள், 500 வில்லாளிகள், எட்டுக் கோஹார்ட்களோடு தாக்கப் புறப்பட்டான். பார்த்தியர்கள் ஓடினார்கள். துரத்தினான். அவர்கள் தொலைவில் திரும்பி அவனைச் சூழ்ந்தார்கள்; யாரும் மீளவில்லை என்றே சொல்லலாம்.

மூன்று வரிசை எதிரிக்கும் ஒரு வரிசை இருந்தால்தான் வேலை செய்யும். குதிரைமேல் வட்டமிட்டு அம்பு எய்பவனுக்கு முகப்பும் இல்லை, முதுகும் இல்லை. அவனை எந்தப் பக்கமிருந்து மடக்குவது? தந்தை கிராசஸ் பக்கத்துக்குப் பன்னிரண்டு கோஹார்ட்களாகச் சதுரம் கட்டி நின்றார். சதுரத்துக்குப் பின்வரிசை கிடையாது. அம்பு தீரும் என்று காத்திருந்தார்கள். பார்த்தியத் தளபதி சுரேனா ஒட்டகங்களில் அம்புகளைக் கொண்டுவந்திருந்தார். பண்டைய எழுத்தாளர் புளூடார்க்கின் கணக்கில் 20,000 பேர் மாண்டார்கள், 10,000 பேர் பிடிபட்டார்கள்.

இந்தக் குறையை ரோம் அறியாமல் இல்லை. ஏறத்தாழ கி.பி. 135இல் கப்பதோசியா ஆளுநர் அர்ரியனஸ், குதிரை வீரர்களான அலானியரை எதிர்கொள்ள வகுத்த அணிவகுப்புத் திட்டம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் சந்துகளும் இல்லை, தோள் மாற்றிக்கொள்ளும் மூன்று வரிசையும் இல்லை. லீஜியன் காலாட்கள் எட்டு ஆழத்தில் நெருங்கி நிற்கிறார்கள். முன் நான்கு வரிசை நீண்ட ஈட்டிகளைக் குதிரைகளின் மார்புக்கு நீட்ட, பின் நான்கு வரிசை வேல் எறிகிறது. அவர்களுக்கும் பின்னால் வில்லாளிகள். மாசிடோனியர்கள் பார்த்திருந்தால் தங்கள் ஃபாலங்ஸின் சாயலை அடையாளம் கண்டிருப்பார்கள். எதிரி திரும்பி ஓடினால் துரத்துவது குதிரைப்படையின் வேலை. லீஜியன்கள் வரிசை குலையாமல் பின்தொடர வேண்டும். துரத்துபவர்களை எதிரி திருப்பி அடித்தால், அவர்கள் ஒதுங்குவதற்கு ஒரு சுவராக.