பழைய பாரும் புதிய இருசும்

கோயில் தேர் மூன்று அடுக்குகளால் ஆனது. மூன்றுக்கும் ஆயுள் வேறு வேறு. மேலே மூங்கிலும் தேர்ச்சீலையும், துணிக்குழல்களாகத் தொங்கும் தொம்பைகளும் கொண்டு கட்டும் அலங்காரம் ஒரு திருவிழாவோடு முடிந்துவிடும். நடுவில் சிற்பப் பலகைகளைத் தாங்கும் பார்கள் பல தலைமுறைக்கு நிற்கும். அடியில் இருக்கும் சக்கரமும் அதன் அச்சான இருசும்தான் மொத்தப் பளுவையும் சுமக்கின்றன. முதலில் பழுதாவதும் அவையே. பழைய தேரைப் புதுப்பிக்கும் கலை, இந்த மூன்று ஆயுளையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இருப்பதுதான்.

காஞ்சிபுரத்தில் பங்குனியில் ஏகாம்பரநாதர் தேரும், வைகாசி பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாளில் வரதராஜப் பெருமாள் தேரும் ஓடுகின்றன. காந்தி சாலைத் தேரடியில் புறப்படும் பெருமாள் தேர், பட்டுக்கடைகள் நிறைந்த வீதிகளைச் சுற்றி நிலைக்குத் திரும்புகிறது. மண் வீதி சக்கரத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். தார்ச்சாலை அப்படியல்ல, காலையில் ஒவ்வோர் அதிர்வையும் சக்கரத்துக்கே திருப்பித் தரும், வைகாசி வெயில் ஏறியதும் இளகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வீதி மாறியபோதே தேரின் அடிப்பாகமும் மாறவேண்டிய நிலை வந்துவிட்டது.

பழைய சக்கரம் கனமான மரத்துண்டுகளைச் சேர்த்து வட்டமாகச் செதுக்கி, விளிம்பில் இரும்புப் பட்டை பூட்டியது. ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதற்கு அதிகம். ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கையில் பளு ஒரே பக்கம் அழுத்தும். இணைப்புகளில் மழைநீர் இறங்கும். இருசு நுழையும் துளை வட்டம் குலைந்து நீள்வட்டமாகும். அதன்பின் சக்கரம் சாயும், இருசு முறியும், தேர் நடுவீதியில் நின்றுவிடும்.

இதற்குத் தீர்வு கொதிகலன் செய்யும் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தடித்த எஃகுத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைப்பதில் தேர்ந்த திருச்சி பெல் நிறுவனம், கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரங்களும் இருசுகளும் செய்து தந்தது. இதில் பெரிய சோதனை திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோடு 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட அந்தத் தேர் 1948க்குப் பின் ஓடாமல் நின்றது. இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பெற்று, 1970ல் மீண்டும் வீதிக்கு வந்தது. அந்த வெற்றியைப் பார்த்து மற்ற ஊர்த் தேர்களும் இரும்புச் சக்கரத்துக்கு மாறின.

பிரேக் வந்தபின்னும் முட்டுக்கட்டை போகவில்லை. தேருக்குத் திருப்பும் கருவி கிடையாது. நான்கு சக்கரமும் நேராக மட்டுமே உருளும். ஒரு பக்கச் சக்கரத்தின் கீழ் கட்டையைக் கொடுத்துத் தடுத்தால், மறுபக்கம் முன்னேறித் தேர் திரும்பும். எந்தக் கோணத்தில் செருகுவது, எந்த நொடியில் உருவுவது என்பது கட்டை போடுவோரின் கைப்பழக்கம். கூர்மையான முக்கில் இரும்புத் தகடு பரப்பி, கிரீஸ் தடவி, ஜாக்கி வைத்து நகர்த்துவதும் உண்டு. பிரேக் ஆபத்தைத் தடுக்கும். வழி சொல்வது கட்டைதான்.

நடு அடுக்கில் வேலை தலைகீழ். அங்கே மாற்றுவதைவிடக் காப்பதே திறமை. பலகைகளை வரிசை எண்ணிட்டுக் கழற்றி, பழைய எண்ணெய்ப் பிசுக்கை அகற்றி, உளுத்ததை மட்டும் விலக்குவார்கள். அதன் இடத்தில் இலுப்பை, வேங்கை, தேக்கு போன்ற மரங்களில் புதிதாகச் செதுக்கிப் பொருத்துவார்கள். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் இவ்வேலைக்குப் பேர்போன ஊர்; அதன் மரச்சிற்பம் 2020ல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல புதுப்பிப்பில் புதிய யாளி பழைய யாளியின் உளித்தடத்தைப் பின்பற்றும்; எண்ணெய்ப் பூச்சில் மரத்தின் ரேகை தெரியும். பளபளக்கும் பெயின்ட்டைக் கனமாகப் பூசினால் செதுக்கலின் ஆழம் அடைபட்டு, மரம் பொம்மையாகிவிடும்.

ரசிகர் கவனிக்கும் இன்னொன்று நடை. மரச்சக்கரத் தேர் ஆடி அசைந்து வரும். தொம்பைகள் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் மீளும். இரும்புச் சக்கரம் இருசோடு இறுகப் பொருந்தினால் அந்த அசைவு குறைந்து, தேர் லாரி போல நகரும். சக்கரம் பக்கவாட்டில் சற்றே நகர இடம்விடுவது தேரின் நடையைக் காக்கும். அளவு மிஞ்சினால் ஆட்டம் ஆபத்தாகும்.

எதை இயந்திரத்துக்கு விடுவது, எதைக் கையில் வைப்பது என்பதில் காஞ்சிபுரம் தறியிலும் தேரின் கணக்குதான். பூ எடுக்க நூல்களைக் கட்டிய அடையின் இடத்தை ஜக்கார்டு பெட்டி பிடித்தது. உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வைக்கோ இன்றும் மூன்று நாடாவும், கரை நாடா எறிய ஒரு துணையாளும் வேண்டும். இயந்திரம் பளுவை வாங்கிக்கொண்டது. வேலைப்பாடு கையிலேயே இருக்கிறது.

தேரில் எல்லாம் பொருத்தியபின் வெள்ளோட்டம். சுவாமி எழுந்தருளாமல், வடம் பூட்டி, வீதியை ஒருமுறை சுற்றிவருவார்கள். இருசில் சூடு ஏறுகிறதா, சக்கரம் ஒருபக்கம் இழுக்கிறதா, பிரேக் சமமாகப் பிடிக்கிறதா, பார்களில் கிறீச்சொலி எழுகிறதா என்று பார்ப்பார்கள். குறை தெரிந்தால் தச்சரும் பற்றவைப்பவரும் மீண்டும் அடியில் புகுவார்கள். குறையின்றி நிலைக்கு வந்தால், மேல் அடுக்குக்கு மூங்கில் கட்டத் தொடங்கலாம்.