பழைய காருக்குக் கையால் செய்யும் மனிபோல்ட்

உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் ஊர்களில் இயந்திரம் என்றால் முதலில் உழவு இயந்திரமே. கார் அதற்குப் பின் வந்தது, வந்த காரும் பெரும்பாலும் பழையது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை என்று வழங்கும் இப்பிரதேசத்தில், ஓர் உதிரிப்பாகத்துக்காக வாவியைக் கடந்து நகரத்துக்கும், அங்கும் அகப்படாவிட்டால் கொழும்புக்கும் ஆளனுப்ப வேண்டியிருந்த காலம் நீண்டது; போர் அதை மேலும் நீட்டியது; போர் ஓய்ந்த பின்னரும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறக்கப்படும்வரை, உள்ள வாகனத்தைப் பேணுவதைத் தவிர வேறு மார்க்கம் பலருக்கு இருக்கவில்லை. இந்நிலையில், உழவு இயந்திரப் பெட்டியின் சட்டத்தை ஒட்டுவதற்கென வைத்திருந்த வெல்டிங் மெசின் காரின் எஞ்சினையும் நாடிச் செல்வது ஆச்சரியமன்று. சிலிண்டர்களின் புகையைத் திரட்டி வெளியேற்றும் வார்ப்பிரும்பு மனிபோல்ட் வெடித்துப்போனால், அதற்குப் பதிலாக இரும்புக் குழாய்களை வெட்டி, வளைத்து, ஒட்டிப் புதியதொன்றை வீட்டு முற்றத்திலேயே ஆக்கிக்கொள்ளும் வழக்கத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இங்கு என் விசாரம். போற்றுவோர் கைத்திறனைக் கண்டு போற்றுகின்றனர். தூற்றுவோர் சத்தத்தைக் கேட்டுத் தூற்றுகின்றனர். அந்த உறுப்பு எஞ்சினுக்குச் செய்யும் காரியம் யாது என்று கேட்டுத் தொடங்கினாலன்றி இரு தரப்பாருக்கும் நியாயம் வழங்க இயலாது.

இலங்கையின் தெருக்கள் நன்கறிந்த மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1951இல் ஓஸ்டின் ஏ30 காருடன் வெளிவந்த ஏ சீரிஸ் எஞ்சின் மறு ஆண்டே மைனருக்குள்ளும் புகுந்தது. அதற்குச் சிலிண்டர்கள் நான்கு. புகை வெளியேறும் வாய்களோ மூன்று. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் தனித்தனி வாய் இருக்க, நடுவிலுள்ள இரண்டும் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவனுக்குச் சிக்கனம் என்று மாத்திரம் தோன்றும் இவ்வமைப்பினுள் ஓர் ஒழுங்கு மறைந்திருக்கிறது. எரியும் வரிசை 1, 3, 4, 2 ஆகையால், மூன்றாவது எரிந்ததற்கும் இரண்டாவது எரிவதற்கும் இடையில் கிராங்க் தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுகிறது. எனவே ஒன்றின் புகை மற்றதன் மூச்சை அடைப்பதில்லை. முதலாவதற்கும் நான்காவதற்கும் உள்ள உறவும் அதுவே. ஆகவே கிளைக்குழாய் செய்பவன் ஒரு கோடியிலுள்ள குழாயையும் மறு கோடியிலுள்ள குழாயையும் முதலில் இணைத்து, நடுக்கிளையைத் தள்ளிக் கொண்டுபோய்ப் பின்னரே சேர்க்க வேண்டும். அருகில் இருக்கிறதே என்ற காரணத்தால் முதலாவதை நடுவாயோடு கிட்டச் சேர்த்துவிட்டால், அரைச் சுற்று இடைவெளியில் வரும் இரு புகைகள் ஒன்றோடொன்று மோதி, ஒட்டு எவ்வளவு அழகாயிருப்பினும் எஞ்சின் திணறும்.

இதைவிடப் பெரிதாக நான் கருதும் விஷயம் ஒன்று உண்டு. இந்த எஞ்சினில் காற்று உட்புகும் மனிபோல்டும் புகை வெளிச்செல்லும் மனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. புகையின் உஷ்ணம் உள்ளே வரும் எரிபொருளை ஆவியாக்கட்டும் என்பது அதன் கருத்து. 1990 தொடக்கம் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் அடைபட்டிருந்தபோது, பெற்றோல் அரும்பொருளாகி, பழைய ஓஸ்டின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை அக்காலத்தவர் யாவரும் அறிவர். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்காது. அது ஆவியாக அதிக உஷ்ணம் வேண்டும். அந்த உஷ்ணத்தை ஊட்டியவற்றுள் இந்த வார்ப்பிரும்பின் தொடுகையும் ஒன்று. பேர்குசன் உழவு இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இன எரிபொருளுக்கென்றே ஆக்கப்பட்ட வகையும், பெற்றோலில் எழுந்து சூடேறியபின் மாறுகின்ற இதே முறையைக் கொண்டிருந்தது என்பதை நோக்கும்போது, தொழிற்சாலைப் பொறியியலாளரும் குடாநாட்டுக் கராஜ்காரரும் ஒரே சாஸ்திரத்தின் இரு முனைகளில் நின்றனர் என்றே சொல்லவேண்டும். அவ்வாறு ஓடிய எஞ்சின்கள் அதற்கு விலையும் கொடுத்தன. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்தது. ஆயினும், மெல்லிய குழாயால் செய்யப்படும் புதிய மனிபோல்ட் அந்தத் தொடுகையை அறுத்துவிடுகிறது என்பதை மறக்கலாகாது. நமது வெப்பநாட்டில் பெற்றோலுக்கு அது பெரிய நட்டமன்று. இன்னொரு தட்டுப்பாடு வந்து மண்ணெண்ணெயை நாடவேண்டிய நாளில், பழைய வார்ப்பின் அருமை பிரத்தியட்சமாகும்.

ஆதலால் இவ்வழக்கத்தின் முதற்குறை பெரும்பாலும் வெல்டிங்கில் இல்லை. திருத்தக்கூடியதைத் திருத்த முயலாது எறிந்துவிடும் அவசரத்தில் இருக்கிறது. வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டலாம். வெடிப்பின் இரு முனைகளிலும் துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, வாயை வெட்டித் திறந்து, முழு உறுப்பையும் நன்கு சூடாக்கி, நிக்கல் குச்சியால் சிறிது சிறிதாக ஒட்டி, மிக மெதுவாக ஆறவிட்டால் அது பல ஆண்டு உழைக்கக்கூடும். ஆறவிடுவதற்குச் சுண்ணாம்புத் தூளோ உமிச் சாம்பலோ போதும். நெல் விளையும் படுவான்கரையில் உமிச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை, அது உஷ்ணத்தை எளிதில் விடுவதுமில்லை. பித்தளையால் பற்றவைப்பது இலகுவாயினும், புகை வாயின் அருகே இரும்பு சிவக்கும் இடத்தில் அது நெடுநாள் நிலையாது.

திருத்த இயலாதபடி நொறுங்கிய இடத்தில், கையால் செய்வதே நேர்மையான வழி. அங்கே இவ்வழக்கத்தின் சிறப்பைத் தயக்கமின்றிச் சொல்வேன். கடையில் வாங்கிப் பூட்டுபவன் அறியாத ஒன்றை, செய்து பூட்டுபவன் அறிகிறான்: எந்தக் கிளை எங்கே போகிறது, ஸ்டியரிங் தண்டுக்கும் குழாய்க்கும் இடைவெளி எவ்வளவு, நட்டை இறுக்கச் சாவி நுழையுமா என்பன அவன் கைக்குள் குடிபுகுகின்றன. பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயர், காரை எறியாது தலைமுறைகளுக்குப் பேணலாம் என்று வாதாடியவர். அவருடைய தொடர்பால் இலங்கையில் மைனரின் உதிரிப்பாகங்கள் ஆக்கப்பட்டு, இங்குள்ள தொழிலாளரின் கைவேலை ஆங்கிலேயரின் கார்களுக்கே போய்ச் சேர்ந்தது. கைத்திறன் நம்மிடம் இல்லை என்ற பேச்சுக்கு அது தக்க மறுப்பு.

ஆயினும் கைத்திறன் மாத்திரம் உஷ்ணத்தை வெல்லாது. குழாய்களை எஞ்சினோடு பொருத்தும் தகடான பிளாஞ்ச், 300 மில்லிமீற்றர் நீளமான இரும்பாயின், 500 பாகை சூடேறும்போது ஏறக்குறைய 1.8 மில்லிமீற்றர் நீளுகிறது. துருப்பிடியா உருக்காயின் இரண்டரைக்கும் மேல். அதைத் தாங்கும் சிலிண்டர் ஹெட்டோ, தண்ணீரால் குளிர்ந்து, அவ்வளவு நீளுவதில்லை. ஸ்டட் துளைகளை இறுக்கமாகத் துளைத்தவனுடைய மனிபோல்ட், ஸ்டட்டையோ ஒட்டையோ கஸ்கெட்டையோ ஒரு நாள் பலிகொள்ளும். ஒட்டி முடித்த பின் பிளாஞ்சை வாய்களுக்கிடையே அறுத்து, ஒவ்வொன்றும் தன்போக்கில் நீள விடுவதே தக்க பரிகாரம். ஒட்டும்போதும் அதனைத் தடித்த தகட்டிலோ கழிக்கப்பட்ட பழைய ஹெட்டிலோ பூட்டி வைத்தே ஒட்டவேண்டும். இல்லையேல் அது வில்லாக வளைந்து போகும். மைனரில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே ஸ்டட்டிலுள்ள பெரிய வாசர் காற்று மனிபோல்டையும் புகை மனிபோல்டையும் சேர்த்து அழுத்துகிறது. ஆகவே புதிய பிளாஞ்சின் தடிப்பு மற்றதன் தடிப்புக்குச் சமமாக இராவிட்டால் வாசர் சாய்ந்து ஒரு பக்கம் ஒழுகும். பூட்டிய பின்னர் எஞ்சின் ஒரு முறை சூடேறி ஆறியதும் நட்டுக்களை மீண்டும் இறுக்கவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆபத்துக்களைப் பற்றி மென்மையாகப் பேசுவதில் பிரயோஜனமில்லை. தண்ணீர்க் குழாய் வேலையில் மிஞ்சிய நாகமுலாம் பூசிய குழாய், கைக்கெட்டுவது என்பதற்காகவே பல முற்றங்களில் மனிபோல்டாகிவிடக்கூடும். ஒட்டும்போது அந்த நாகம் வெண்புகையாய் எழுந்து, அதைச் சுவாசித்தவனை அன்றிரவே நடுக்கத்தோடு காய்ச்சலில் வீழ்த்தும். மணல் அடைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைப்பது பழைய, நல்ல முறை. ஆனால் மணலில் ஈரமிருந்தால் அடைத்த குழாய்க்குள் நீராவி பெருகி வெடிக்கும். மாரி மாதங்களில் வறுத்தெடுக்காத மணல் எதுவும் உலர்ந்ததென்று நம்பத்தக்கதன்று. மெல்லிய சாதாரண இரும்பு உள்ளே செதில் செதிலாக உரியும். வெளியே வாவிக் காற்றின் உப்பு கறளை வளர்க்கும். அதன்மேல் கயிறுபோல் சுற்றப்படும் வெப்பத்துணி ஈரத்தைப் பிடித்து வைத்து அழிவை விரைவாக்குகிறது.

வலுவைக் கூட்டவென்று செய்யப்படும் மனிபோல்டுகளைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. இங்கிலாந்தின் டவுன்டன் என்ற கிராமத்தில் பட்டறை வைத்திருந்த டானியல் றிச்மண்ட், இதே ஏ சீரிஸ் எஞ்சினுக்கு நீண்ட நடுக்கிளை கொண்ட மனிபோல்டைப் புகழ்பெறச் செய்தார். அவரும் கிராமத்துக் கைவினைஞரே. ஆனால் அவர் செய்ததை அளந்து பார்த்தார்; ஒவ்வொரு மாற்றத்துக்கும் எஞ்சின் என்ன விடை சொல்கிறது என்று பரீட்சித்தார். நம்மவர் அதன் படத்தைக் கண்டு உருவத்தை எடுத்துக்கொள்கின்றனர். குழாயினுள் ஓடும் அழுத்த அலை ஒரு குறித்த வேகத்துக்கு மாத்திரமே உதவும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் பயன்தரும் நீளம் 3000 சுற்றில் பயன்தர ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். ஆயித்தியமலை வீதியில் நெல் மூட்டையோடு செல்லும் கார் எந்நாளும் 6000 சுற்றைத் தொடுவதில்லை. 2022இல் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்று எரிபொருள் பங்கிடப்பட்ட நாட்டில், தாழ்ந்த வேகத்து இழுவையை விற்றுச் சத்தத்தை வாங்குவது நல்ல வியாபாரமன்று. 2008 முதல் ஆண்டுதோறும் வேண்டப்படும் புகைப் பரிசோதனையிலும், மூட்டுக்களில் ஒழுகும் மனிபோல்ட் அளவைப் பொய்யாக்குமேயன்றிப் புகையைத் தூய்மையாக்காது.

ஒழுக்கு என்பது அளவுக் கருவிக்கு மட்டும் பொய் சொல்வதோடு நின்றுவிடுமாயின் மன்னிக்கலாம். சைலன்சரில் ஏற்படும் ஓட்டை காரின் பின்னே ஊதுகிறது. மனிபோல்டில் ஏற்படும் ஓட்டையோ எஞ்சின் அறைக்குள், பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அறையின் சுவருக்கு ஒரு முழம் முன்னே ஊதுகிறது. பழைய கார்களில் அச்சுவரிலுள்ள றப்பர் அடைப்புக்கள் காய்ந்து உதிர்ந்திருக்கும். மணமும் நிறமுமற்ற காபன் மொனொக்சைட் அவற்றினூடே உள்ளே வரும். ஆகவே புதிய மனிபோல்டைப் பூட்டுமுன் அந்தத் துளைகளை அடைக்க வேண்டும். பூட்டிய பின், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், புகைக்குழாயின் வாலைச் சீலையால் அடைத்துக் காற்றூதி, ஒவ்வொரு ஒட்டிலும் சவர்க்கார நீர் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரை மணி நேரமும் ஒரு பம்பும் போதும். குமிழி எழுந்த ஒட்டை அராவி மீண்டும் ஒட்டாமல், மேலே பசை பூசி மறைத்துக் காரை உரியவரிடம் கொடுக்கும் பட்டறை, அது உன்னிச்சையில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும், இவ்வேலையை ஏற்கத் தகுதியற்றது.