சட்டை போட்ட உடம்பு

நகரத்தைப் பார்த்து வரைகிற ஓவியர் யார் என்று கேட்டால், இடதுசாரித் தோழர்கள் சொல்லும் பெயர்களில் ஒன்று சுதீர் பட்வர்தன். 1949இல் புனேயில் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்து 1973இல் பம்பாய் வந்தார். 1975 முதல் 2005 வரை முப்பது வருசம் தானேயில் எக்ஸ்ரே டாக்டராக வேலை பார்த்தார். பகலில் எலும்பைப் பார்த்தார், மிச்ச நேரத்தில் மனிதர்களை வரைந்தார். லோக்கல் ரயில், மேம்பாலம், இரானி ஓட்டல், தெருமுனை, இவைதான் அவருக்குப் பட்டறை. தூண்டுதல் வரட்டும் என்று காத்துக் கிடக்கிற கலைஞர் இல்லை இவர். வேலைக்குப் போய்வருகிற ஆள் எப்படித் தினமும் அதே தெருவைக் கடப்பானோ அப்படிக் கடந்து, தினமும் பார்த்து வரைந்தவர். இந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன்.

அவருடைய ஓவியங்களை நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். 1977இல் வரைந்த 'இரானி ரெஸ்டாரண்ட்', 1980இன் 'டிரெய்ன்', 1981இன் 'ஓவர்பிரிட்ஜ்', 2001இன் 'லோயர் பரேல்'. அரியக்குடியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு எழுகிற கேள்வி வேறு. குத்துவிளக்கால் பெயர் வாங்கிய ஊர் இது. ராமானுஜ ஐயங்காரால் பெயர் வாங்கிய ஊர். விளக்குக்கும் பாட்டுக்கும் பெயர் இருக்கிறது. சேரிக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்பதில்லை. சுத்துப்பட்டு நகரத்தார் வீடுகளில் ரவி வர்மாவின் அச்சுப் படங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. பட்டுச் சேலை கட்டிய லட்சுமி, சரஸ்வதி. அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தவனின் உடம்பு எந்தச் சட்டத்துக்குள்ளும் வரவில்லை.

வந்தபோது எப்படி வந்தது? மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். இடுப்பில் துணி, மேலே வெறும் உடம்பு. முறுக்கேறிய தசையை உழைப்பின் வீரம் என்று படித்தவர்கள் சொல்லுவாங்க. எங்க பக்கத்து ஆளுக்கு அந்த வெற்றுடம்பு வேற ஒண்ணை ஞாபகப்படுத்தும். 1930இல் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் (சிவகங்கையும் அப்போது அதற்குள்தான்) ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆம்பளை முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பொம்பளை மாரை மறைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931இல் தடைகள் பதினொன்றாகின. அந்த வருசத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆக, வெற்றுடம்பு எங்களுக்கு உழைப்பின் சின்னம் மட்டுமல்ல. அது போடப்பட்ட உத்தரவு. சட்டைதான் எங்கள் கலகம். அம்பேத்கர் சிலைக்கு ஏன் கோட்டும் டையும் என்று கேலி பேசுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

இந்த இடத்தில்தான் பட்வர்தன் எனக்கு முக்கியமாகிறார். அவருடைய நகரத்து மனிதர்கள் சின்னங்களாக நிற்பதில்லை. ரயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஓட்டல் மேசையில் கை வைத்திருக்கிறார்கள், பாலத்தில் நடக்கிறார்கள். பாறையை நெம்பிக்காட்டித்தான் மனிதன் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஒரு உழைப்பாளி சும்மா உட்கார்ந்திருப்பதை வரைவது சின்ன விசயமா? பெரியவர் முன்னால் உட்காரவே முடியாத ஊரிலிருந்து பார்த்தால் அது பெரிய விசயம். நம்ம ஆளுங்க காரைக்குடியில் ரயிலேறிப் பட்டணம் போனது கூலிக்காக மட்டுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சாதி தெரியாமல் டீ குடிக்கலாம் என்பதற்காகவும்தான். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைத் தாக்கிப் பேசியதன் நியாயம் இதில் இருக்கிறது.

ஆனால் இங்கேயே நின்றுவிட முடியாது. நகரம் சாதியை அழித்துவிட்டதா? பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. நூலை வாயால் உறிஞ்சித் தறிநாடாவில் கோக்க வேண்டும், எச்சில் பட்டுவிடும் என்றார்கள். கூலி அதிகமான வேலை அது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை எழுப்பினார். 1982இல் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தோற்றபின் சிதைந்த ஆலைப்பகுதியைத்தான் 'லோயர் பரேல்' நம் முன் வைக்கிறது. அதில் வர்க்கத்தின் இழப்பு தெரிகிறது. தறிக்கு யார் போனான், யார் போகக் கூடாது என்றார்கள் என்பது தெரியவில்லை. எக்ஸ்ரேயில் சாதி தெரியாதுதான். தெருவில் தெரியும். தெரிந்துகொள்ளத் தினமும் பார்த்தால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்.

கேட்டு வரைந்தவர் நாக்பூரில் பிறந்த சவி சவர்க்கர். பேஷ்வா ஆட்சியில் எச்சில் துப்பக் கழுத்தில் கட்டிய சட்டியையும், காலடியை அழிக்க இடுப்பில் கட்டிய துடைப்பத்தையும் அவர் வரைந்தார். பட்வர்தனிடம் இல்லாத கோபம் அவரிடம் இருக்கிறது. பட்வர்தனிடம் இருக்கும் நிதானமான அன்றாடம் நமக்கு வேண்டாமா? வேண்டும். சட்டியையும் துடைப்பத்தையும் மட்டுமே வரைந்துகொண்டிருந்தால், அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டு ரயிலேறியவனை யார் வரைவது?

2008-09இல் பட்வர்தன் சமகால ஓவியங்களைத் திரட்டி மகாராஷ்டிரத்தின் சிறுநகரங்களுக்குக் கொண்டுபோனார். நம் பக்கத்தில் அப்படி யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாப்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் உட்காருங்கள். துப்புரவு முடித்து முகம் கழுவுகிற அக்கா, துவைத்த சட்டையில் கல்லூரிக்குப் போகிற தம்பி, கூலி வேலைக்கு முதல் பஸ் ஏறுகிற சித்தப்பா. தினமும் ஒரு பக்கம். வரைந்ததை அவர்களிடமே காட்டுங்கள். "இது நான்தானா?" என்று அவர்கள் சொல்வதிலிருந்துதான் நம்முடைய விமர்சனம் தொடங்க வேண்டும்.