பேயும் நகையும்: 'ஜாம்பி' படத்தைப் பற்றிச் சில எண்ணங்கள்

2019 செப்டம்பரில் வெளிவந்த 'ஜாம்பி' என்னும் தமிழ்ப் படத்தைப் பிள்ளைகள் இன்றும் வீட்டில் போட்டுப் பார்த்துச் சிரிக்கின்றனர். ஆகவே அதைப் பற்றிய பேச்சும் ஓயவில்லை. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ஆசிரியர்கள் கூடும் இடங்களிலும், தோட்டத்துப் பெற்றோரிடத்தும் நான் கேட்ட கருத்துக்கள் பலவாயினும் அவை மூன்றில் அடங்கும். அச்சமும் நகையும் ஒரே கதையில் பொருந்தா என்பது ஒன்று. பிணம் எழுந்து நடப்பது மேனாட்டாரிடம் வாங்கிய இரவல், நமக்கு ஒவ்வாதது என்பது மற்றொன்று. 'பொழுதுபோக்குக்கு எடுத்த படம். அதில் ஆராய்ச்சி எதற்கு?' என்பது மூன்றாவது. முதல் இரண்டும் பிழையானவை. மூன்றாவதோ பிழையோடு கேடும் பயப்பது என்பது என் துணிபு.

அச்சமும் நகையும் பொருந்தா என்போர் கலிங்கத்துப் பரணியை மறந்தனர். முதற் குலோத்துங்கன் காலத்துச் சயங்கொண்டார் போர்க்களத்தைப் பாட வந்தவர், பேய்களை அன்றோ முன்னிறுத்தினார்? நெடுநாள் பட்டினியால் வற்றிய பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் யானைக் கொம்பால் பல் துலக்குகின்றன, குருதியில் நீராடுகின்றன, பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன, பந்தியில் அமர்ந்து உண்கின்றன. குருட்டுப் பேயும் செவிட்டுப் பேயும் ஊமைப் பேயும் அப்பந்தியில் உண்டு. உடற்குறையைக் கண்டு நகும் நகை பரணியிலும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நகைக்கு ஆளான பேய்க்கும் அங்கே கூழ் வார்க்கப்படுகிறது. ஒன்றும் பசியோடு திரும்புவதில்லை.

இனி இரவல் என்னும் கருத்து. 'ஜாம்பி' என்பதற்கு 'நடைப்பிணம்' என்னும் நம் சொல்லே போதும். அதன் தாயகம் ஐரோப்பா அன்று. கரிபியன் கடலில் உள்ள ஹைட்டி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அங்கே பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் உழைத்து மாண்டனர். 1804-இல் அந்நாடு விடுதலை பெற்ற பின்னும் ஓர் அச்சம் மக்களை விட்டு அகலவில்லை. மந்திரவாதி ஒருவன் பிணத்தை எழுப்பி, கூலியும் இன்றி ஓய்வும் இன்றி வேலை வாங்குவான் என்பதே அவ்வச்சம். இறந்த பின்னும் தோட்ட வேலை விடாது என்பதை விடக் கொடிய கற்பனை தோட்டத் தொழிலாளிக்கு வேறு என்ன உண்டு? 1932-இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' என்னும் படத்தில், சர்க்கரை ஆலையில் ஒருவன் தவறி விழுந்தும் மற்றைய நடைப்பிணங்கள் நில்லாமல் ஆலையைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு செய்தி உண்டு. நடைப்பிணத்திற்கு உப்புக் கொடுக்கலாகாதாம். உப்பு நாவிற் பட்டால் உணர்வு வந்து, தன் நிலையறிந்து, கல்லறை தேடிப் போய்விடுமாம். 'சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா?' என்று நம் லயத்து வாசலில் கேட்கும் வசை, கடல் பல கடந்து அங்கேயும் வழங்குவது போல் தோன்றுகிறது! விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரக் காட்டுக்குள் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இக்கதை எவ்வாறு அயலாகும்?

1968-இல் அமெரிக்கர் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்தில் வேலை வாங்கும் ஆண்டான் மறைந்து, மனிதரைத் தின்னும் கூட்டம் மட்டும் எஞ்சியது. நம்மவர் பின்பற்றியது அந்த மரபையே. 2016-இல் வந்த 'மிருதன்' அவ்வழியது. அதில் நகை நோக்கமன்று. புவன் நல்லான் இயக்கிய 'ஜாம்பி'யோ நகைக்கென்றே எடுத்தது. விடுதி ஒன்றில் தங்கியோர் நடைப்பிணங்களிடையே சிக்குவதே கதை. யோகி பாபு, யாஷிகா ஆனந்த், கோபி, சுதாகர் முதலியோர் நடித்தனர். யோகி பாபு திறமை மிக்கவர். ஓரிரு இடங்களில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் நடைப்பிணங்களுக்கு அங்கே பசியும் இல்லை, பேச்சும் இல்லை. ஓடி வரும் கூட்டம் என்பதற்கு மேல் அவை ஒன்றுமில்லை. ஆகவே நகையின் சுமை முழுவதும் நடிகரின் மேல் விழுகிறது. அவர் நடித்த வேறு பல படங்களிற் போலவே, அவருடைய முகமும் முடியும் உடலுமே கேலிப் பொருள் ஆகின்றன.

நம் நாட்டு மலாய் இயக்குநர் காலஞ்சென்ற மாமாட் காலிட் 2007-இல் 'சோம்பி கம்போங் பீசாங்' எடுத்தார். அதில் பிணமாகி நடப்போர் ஊரார் எல்லாருக்கும் தெரிந்த கம்பத்து மக்கள். தம்மவரைப் பார்த்துத் தாமே நகும் நகை அது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களங்களுள் எள்ளலை முதலாக்கினார். பேராசிரியர் அவ்வெள்ளலை இரண்டாகப் பகுப்பார்: தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல். இரண்டாவதை வகுப்பில் விளக்குவது எனக்கு நெடுநாள் எளிதாகவே இருந்தது.

நான்காம் ஆண்டில் பயிலும் கரிய நிறமும் சுருண்ட முடியும் உடைய சிறுவன் ஒருவனைத் தோழர்கள் அந்நடிகரின் பெயரிட்டே அழைத்து வந்தனர். கூப்பிடும்போதெல்லாம் அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒருநாள் தனியே அழைத்து, அப்பெயர் உனக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். "சிரிக்காட்டி இன்னும் கூப்பிடுவாங்க ஐயா" என்றான். இச்சிரிப்பும் பேராசிரியர் கூறிய இரண்டாம் வகையில் அடங்குமா, அன்றி நகை என்னும் பெயரே அதற்குப் பொருந்தாதா என்பதை ஆசிரிய நண்பர்கள் எழுதினால் அறிந்துகொள்வேன்.