விக்கிப்பீடியாவின் வாசலில் புதியவர்

விக்கிப்பீடியாவுக்கு எழுத வருகிறவர்கள் ஏன் தங்குவதில்லை என்று கேட்டால் இப்போது பலரும் ஒரே விடையைத்தான் சொல்கிறார்கள். தளம் பழசாக இருக்கிறதாம். கைப்பேசித் தலைமுறைக்கு ஒத்துவரவில்லையாம். முகப்பை மாற்றினால் கூட்டம் சேர்ந்துவிடுமாம். இந்தத் தளத்தின் வரலாற்றைப் படித்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

விக்கிப்பீடியாவின் முன்னோடியாக 2000-இல் தொடங்கிய நூபீடியாவில் ஒரு கட்டுரை ஏழு கட்ட மதிப்பாய்வைக் கடக்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் தேறியவை இருபது சொச்சம். 2001 ஜனவரியில் பிறந்த விக்கிப்பீடியா அந்தச் சுவரை இடித்தது. அதன் முதல் மென்பொருள் கரடுமுரடானது: ஓர் இணைப்பு கொடுக்கச் சொற்களை ஒட்டவைத்து நடுவே பெரிய எழுத்துப் போட வேண்டும். 2003-இல் தமிழ்ப் பதிப்பு தொடங்கியபோது பல கணினிகளில் ஒருங்குறித் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. எழுத்துருவுக்கு ஒரு விசைப்பலகை என்று அல்லாட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில்தான் இ. மயூரநாதன் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். 2015-ஆம் ஆண்டின் இயல் விருது அவரைத் தேடி வந்தது பொருத்தமே. வசதி மிகக் குறைந்திருந்த அதே ஆண்டுகளில் உலகெங்கும் விக்கிப்பீடியா மிக வேகமாக வளர்ந்தது. முகப்பைக் குறை சொல்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள்?

திருப்பம் 2005-இல் தொடங்கியது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரைப் பற்றி யாரோ எழுதிய பொய் மாதக்கணக்கில் கிடந்தது அம்பலமாக, கணக்கில்லாதவர்கள் புதுப்பக்கம் தொடங்குவதை ஆங்கிலப் பதிப்பு அந்த ஆண்டு டிசம்பரில் தடுத்தது. நாசவேலையைத் தடுக்க ஹகிள், டுவிங்கிள் போன்ற கருவிகள் வந்தன. அவை தேவைப்பட்டன என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே சொடுக்கில் ஒருவரின் உழைப்பை அழித்து, அவருடைய பேச்சுப் பக்கத்தில் அச்சடித்த எச்சரிக்கையை ஒட்டிவிட்டு நகரும் பழக்கமும் அவற்றோடு வந்தது. அரிதாக எழுதுவோரின் திருத்தங்களில் 2003-இல் பத்தில் ஒன்று திருப்பப்பட்டது. 2008-இல் நான்கில் ஒன்று. ஆங்கிலப் பதிப்பில் 2007-இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்த செயற்படு பங்களிப்பாளர் எண்ணிக்கை அதன்பின் சரிந்தது. ஆரன் ஹாஃபேக்கரும் உடனாய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைத் தெளிவாகவே சொன்னது: நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் திருத்தங்கள் மேலும் மேலும் நிராகரிக்கப்பட்டன, அவர்கள் திரும்பி வரவில்லை.

இந்தச் சரிவுக்கு நடுவேயும் பணமும் உழைப்பும் பெருமளவு முகப்பில்தான் கொட்டப்பட்டன. 2010-இல் வெக்டர் தோற்றம். 2013 ஜூலையில், விக்கி நிரலே தெரியாமல் எழுத உதவும் காட்சித் தொகுப்பி. அரைகுறையாக இறக்கப்பட்ட அதை ஆங்கிலப் பதிப்பின் பங்களிப்பாளர்கள் செப்டம்பரிலேயே விருப்பத் தெரிவாக ஒதுக்கிவைத்தார்கள். குறைகளைக் களைந்தபின் 2015-இல் அது மீண்டும் சோதிக்கப்பட்டது. அப்போதும் புதியவர்கள் நிலைத்திருப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நல்ல கருவிதான், நானும் விரும்புகிறேன். ஆனால் அழகான பெட்டியில் எழுதிய பத்தியும் பத்தே நிமிடத்தில் காணாமற்போனால், எழுதியவருக்கு அந்த அழகால் என்ன ஆறுதல்?

இந்த வரலாற்றில் உரிய கவனம் பெறாத முயற்சி ஒன்று உண்டு. 2012-இல் ஆங்கிலப் பதிப்பில் தொடங்கிய தேநீரகம் எளிய கேள்வி–பதில் பக்கம். பழையவர்கள் அங்கே புதியவர்களுக்குப் பொறுமையாக விடை சொல்கிறார்கள். அங்கே அழைக்கப்பட்டவர்கள், அழைக்கப்படாதவர்களைவிடக் கூடுதலாகத் தங்கினார்கள் என்று பின்வந்த ஆய்வு காட்டியது. தோற்ற மாற்றங்கள் கிளப்பிய ஆரவாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொது உரையாடலுக்கான ஆலமரத்தடியும் உதவி கேட்பதற்கான ஒத்தாசைப் பக்கமும் முன்பிருந்தே இருக்கின்றன. ஆனால் தன் ஊர்க் கோயிலைப் பற்றிச் சான்றில்லாமல் நாலு வரி எழுதிய ஆசிரியைக்கு அங்கே போய்க் கேட்கலாம் என்பது எப்படித் தெரியும்? அவருக்கு முதலில் கண்ணில் படுவது, கட்டுரையை நீக்கக் கோரும் அச்சடித்த அறிவிப்பான நீக்கல் வார்ப்புருதான். தமிழ்ப் பதிப்பு சிறியது. ஒவ்வொரு புதியவருக்கும் தனியாக நாலு வார்த்தை எழுத இங்கே இன்னும் முடியும். நிருவாகிகளையும் மூத்த பங்களிப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வார்ப்புருவை இடுமுன், எந்த நூலில் சான்று கிடைக்கும் என்று அவருடைய பேச்சுப் பக்கத்தில் உங்கள் கைப்பட எழுதுங்கள்; ஒரு வாரமாவது அவருக்கு அவகாசம் கொடுங்கள்.